சின்னப் பாஸ்கா

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த திங்கட்கிழமையன்று உரோமை நகரில் உரோமையரைக் காண்பது அரிது. நகரத்தை வெளிநாட்டுத் திருப்பயணிகளிடம் ஒப்படைத்துவிட்டு, கூடைகளிலும் பைகளிலும் உணவைக் கட்டிக்கொண்டு, குடும்பம் குடும்பமாக அவர்கள் மதில்களுக்கு வெளியே புறப்பட்டுவிடுவார்கள். இத்தாலிய நாட்காட்டியில் அந்த நாளுக்கு 'வானதூதரின் திங்கள்' என்று பெயர். வெறுமையான கல்லறையருகே பெண்களோடு பேசிய தூதரின் நினைவு அது. மக்கள் வழக்கிலோ அது 'பாஸ்க்வெத்தா', அதாவது சின்னப் பாஸ்கா. எம்மாவுக்கு நடந்து சென்ற சீடர் இருவரை நினைத்தே இவ்வாறு ஊருக்கு வெளியே நடக்கிறோம் என்று சிலர் விளக்கம் சொல்வதுண்டு. லூக்கா நற்செய்தியின்படி அந்த நடை உயிர்ப்பு நாளன்றே நிகழ்ந்தது. ஆயினும் மக்கள் பக்தி நாட்காட்டியோடு வழக்காடுவதில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவை உன் வீட்டாரோடு கொண்டாடு, பாஸ்காவை உன் மனத்துக்குப் பிடித்தவரோடு கொண்டாடு என்பது அந்நாட்டுப் பழமொழி. நம் காணும் பொங்கலை அறிந்தவர்களுக்கு இந்த நாளின் மனநிலையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

2000-ஆம் ஆண்டு மாபெரும் யூபிலி ஆண்டு. அவ்வாண்டு பாஸ்கா திங்கள் ஏப்ரல் 24 அன்று வந்தது. நான் அப்போது உரோமையில் இறையியல் மேற்படிப்பு மாணவன். புனித வாரம் முழுவதும் நகரின் விளிம்பிலிருந்த ஒரு பங்கில் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு உதவியாக அமர்ந்திருந்தேன். அந்தப் பங்கின் பாடகர் குழுவில் கனத்த குரலில் பாடிய ஓய்வுபெற்ற இரயில் ஓட்டுநர் ஒருவர், பெரிய சனி இரவுத் திருவிழிப்பு முடிந்ததும் என்னிடம் வந்தார். "திங்களன்று என் ஊருக்கு வாருங்கள், தந்தையே. உங்கள் நண்பர்களையும் அழைத்து வாருங்கள். ஒரேயொரு நிபந்தனை. எந்தக் கோயிலையும் காட்டச் சொல்லி யாரும் என்னைக் கேட்கக்கூடாது" என்றார். அவருடைய ஊர் ஃபிராஸ்காத்தி. உரோமைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், அல்பானோ குன்றுகளின் சரிவில் அமைந்த சிற்றூர்.

என் நண்பர்கள் இருவர். ஒருவர் போலந்து நாட்டவர், திருச்சபைச் சட்டம் பயில்பவர், சட்ட நூலைப் போலவே எதற்கும் முன்கூட்டியே விதி வகுத்து வைத்திருப்பவர். மற்றவர் காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கு எல்லையில், கிவு ஏரிக்கரையில் உள்ள புக்காவு உயர்மறைமாவட்டத்தின் குரு. இவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

புக்காவுவின் பேராயராயிருந்த இயேசு சபையாளர் கிறிஸ்தோஃப் முன்சிகிர்வா 1996 அக்டோபர் 29 அன்று அந்நகரிலேயே கொல்லப்பட்டார். எல்லை தாண்டி வந்த அகதிகளுக்காக வாய் திறந்து பேசியவர் அவர். அவருக்குப்பின் பொறுப்பேற்ற பேராயர் எம்மானுவேல் கத்தாலிக்கோ, தம் மக்களின் மண்ணை அந்நியரும் ஆயுதம் தாங்கியோரும் சூறையாடுவதைக் கண்டித்து 1999-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஒரு மடல் எழுதினார். 2000 பிப்ரவரியில் கிளர்ச்சிப் படையினர் அவர் தம் நகருக்குத் திரும்பவிடாமல் தடுத்து, வெகுதொலைவிலுள்ள புத்தெம்போவில் தங்கச் செய்தனர். ஆக, அந்தப் பாஸ்காவன்று புக்காவு மக்கள் தங்கள் ஆயர் இல்லாமலேயே பெருவிழா கொண்டாடினர். என் நண்பர் பெரிய வியாழனிலிருந்து தம் தமக்கையோடு தொலைபேசியில் பேச முயன்றுகொண்டிருந்தார். இணைப்புக் கிடைக்கவில்லை.

இந்நிலையில் உல்லாசமாக ஊர் சுற்றச் செல்வது முறையா என்ற கேள்வி எழுந்தது. எழுப்பியவர் போலந்து நண்பர். "இவ்வாண்டு வேண்டாம், வேறொரு நாள் போகலாம்" என்றார். காங்கோ நண்பர் தம் அறை வாயிலில் நின்றபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் இங்கே அறைக்குள் உட்கார்ந்திருந்தால் புக்காவுக்குக் கம்பி இழுத்துவிடுவார்களா? எங்கள் ஊரில் சாவு வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும், யாராவது சமைத்தாக வேண்டும். நீங்கள் சோறு கட்டுங்கள்" என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

சோறு கட்டும் பொறுப்பு என்னுடையது. தெர்மினி இரயில் நிலையத்துக்கு அருகே வித்தோரியோ சதுக்கத்தைச் சுற்றி இந்தியரும் வங்காளதேசத்தவரும் நடத்தும் கடைகள் உண்டு. கடுகு, மஞ்சள்தூள், கறிவேப்பிலை எல்லாம் அங்கே கிடைக்கும். எலுமிச்சை மட்டும் இத்தாலியது. நம் ஊர் எலுமிச்சையைப்போல் மூன்று மடங்கு பருமன், புளிப்போ பாதி. விடியற்காலையில் கல்லூரிச் சமையற்கூடத்தில் கடுகு வெடித்த ஓசையைக் கேட்டு, காவலாளி ஓடி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஃபிராஸ்காத்திக்குச் செல்லும் இரயில் பாதைக்கு ஒரு வரலாறு உண்டு. திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் தம் ஆட்சிப்பகுதியில் இரயிலே கூடாது என்றிருந்தார். அவருக்குப்பின் வந்த ஒன்பதாம் பத்திநாதர் அனுமதி தந்தார். அவ்வாறு திருத்தந்தையர் நாட்டில் முதன்முதலாக, 1856-இல் திறக்கப்பட்ட பாதை இதுவே. எங்கள் ஓட்டுநர் இதைச் சொல்லும்போது, ஏதோ தம் பாட்டனார் செய்த நற்செயலைச் சொல்வதுபோல் மார்பு நிமிர்த்திக்கொண்டார். அன்று வண்டியில் நிற்க இடமில்லை. ஒரு பாட்டியம்மையின் மடியில் இருந்த பாத்திரத்திலிருந்து கூனைப்பூப் பொரியலின் மணம் பெட்டி முழுவதும் பரவியது. யாருடைய முகத்திலும் அவசரமில்லை. அரை மணி நேரத்தில் வண்டி திராட்சைத் தோட்டங்களின் ஊடே மேலேறி நின்றுவிட்டது. அதற்கப்பால் பாதையில்லை.

ஊரின் நடுச்சதுக்கத்துக்கு எதிரே அல்தோபிராந்தீனி மாளிகை நிற்கிறது. திருத்தந்தை எட்டாம் கிளமெந்துவின் உறவினரான கர்தினால் ஒருவர் கோடைக்கால ஓய்வுக்கென்று கட்டியது. பார்த்தோம், கடந்தோம். மாளிகைகளைவிட அங்கிருந்து தெரிந்த காட்சியே எங்களைப் பிடித்து நிறுத்தியது. கீழே பரந்த சமவெளி, அதன் முடிவில் மங்கலாக உரோமை, அதனிடையே சுண்டுவிரல் நுனியளவில் புனித பேதுரு பேராலயக் குவிமாடம். ஒரு வாரமாக அதன் கீழே நெரிசலில் சிக்கித் தவித்த எங்களுக்கு, அதை அவ்வளவு சிறியதாகக் காண்பதில் இனந்தெரியாத ஓர் ஆறுதல் இருந்தது.

அந்த இடத்தில்தான் ஓட்டுநர் 1943-ஐப் பற்றிச் சொன்னார். அவ்வாண்டு ஃபிராஸ்காத்தியில் ஜெர்மானியத் தளபதி கெஸ்ஸல்ரிங்கின் தலைமையகம் இருந்தது. செப்டம்பர் 8 நண்பகலில் நேச நாட்டு விமானங்கள் வந்து குண்டு பொழிந்தன. தளபதி தப்பிவிட்டார். ஊர் மக்களில் ஏறத்தாழ 500 பேர் மாண்டனர். பேராலயமும் சிதைந்தது. அன்று மாலையே இத்தாலிக்கும் நேச நாடுகளுக்கும் இடையே போர் நிறுத்தம் என்று வானொலி அறிவித்தது. நம் ஓட்டுநருக்கு அப்போது ஆறு வயது. அவர் மூத்த சகோதரி தண்ணீர் எடுக்கப் போனவள் திரும்பவில்லை. இவ்வளவையும் அவர் வண்டியின் கால அட்டவணையைச் சொல்வதுபோல் ஏற்ற இறக்கமின்றிச் சொல்லிவிட்டு, "வாருங்கள், வெயில் ஏறுமுன் மேலே போய்விடுவோம்" என்றார்.

மேலே என்றால் துஸ்குலம். ஒருமணி நேரத்துக்கும் மேலான ஏற்றம். கஷ்கொட்டை மரங்களுக்கிடையே பாதை வளைந்து செல்கிறது. உரோமையரால் 1191-இல் அழிக்கப்பட்ட பழம்பெரும் நகரின் இடிபாடுகள் குன்றின் உச்சியில் கிடக்கின்றன. சிறிய அரைவட்ட அரங்கம் ஒன்று மட்டும் உருக்குலையாமல் இருக்கிறது. நாங்கள் போனபோது அதன் கற்படிகளில் வரலாறு அமர்ந்திருக்கவில்லை. கால்பந்து அணி ஒன்று அமர்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தது. புல்வெளியெங்கும் விரிப்புகள், குழந்தைகள், நாய்கள், ஒரு துருத்தி வாத்தியம்.

இந்தக் குன்றின் பக்கத்தில்தான் சிசரோவுக்கு ஒரு வீடு இருந்தது. கி.மு. 45-இல் அவருடைய ஒரே மகள் துல்லியா இறந்தாள். ஆறாத துயரில் இருந்த அவ்வாண்டிலேயே அவர் எழுதிய நூல் 'துஸ்குலத்து உரையாடல்கள்'. இவ்வீட்டில் நண்பர்களோடு ஐந்து நாள்கள் பேசிக் கழித்ததாக அந்நூல் அமைந்திருக்கிறது. சாவு, வலி, துயர் ஆகியவை பற்றிய பேச்சு. குருமடத்தில் இலத்தீன் மொழிக்காக இதன் பக்கங்களோடு மல்லுக்கட்டியவன் நான். அப்போது வினைச்சொல்லின் காலமே கண்ணுக்குத் தெரிந்தது. அந்தப் புல்தரையில் அமர்ந்தபோதுதான் வேறொன்று புலப்பட்டது. துயரைப் பற்றிய அந்நூலைத் தனியறையில் புலம்பும் ஒருவனின் குரலாக அவர் அமைக்கவில்லை. காலையில் சொற்பயிற்சி, பிற்பகலில் தோட்டத்தில் உலாவியபடி உரையாடல் என்று நண்பர்கள் கூடிக் கழிக்கும் ஓய்வு நாள்களாக அமைத்திருக்கிறார். அவருடைய வாதங்கள் அவருக்கே முழு ஆறுதல் தந்தனவா என்பது ஐயமே. உடனிருந்தவர்கள் தந்திருக்கலாம்.

விரிப்பை விரித்தோம். வேகவைத்த முட்டைகள், உலர்ந்த இறைச்சித் துண்டுகள், பச்சை அவரை போன்ற பெரிய விதைகள், அவற்றோடு கடித்துக்கொள்ள உப்புச் சுவை மிகுந்த ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, புறா வடிவில் சுட்ட பாஸ்கா ரொட்டி. காங்கோ நண்பர் பாதி உணவில் எழுந்து சிறுவர்களோடு பந்தாடப் போய்விட்டார். ஆறடி உயரம், கறுப்புக் காலணி, கழுத்துப்பட்டை கழற்றிய சட்டை. சிறுவர்கள் அவரைக் காப்பாளராக நிறுத்தினார்கள். வேண்டுமென்றே மூன்று முறை பந்தை விட்டார். நான்காவது முறை பாய்ந்து பிடித்துப் புல்லில் உருண்டார். போலந்து நண்பர் அவரைக் கவனித்துக்கொண்டே, "நேற்றிரவு முழுவதும் அவர் அறையில் விளக்கு எரிந்தது" என்று தணிந்த குரலில் சொன்னார்.

புனித தோமா அக்குவினாஸ் தம் 'இறையியல் சுருக்க'த்தில் விளையாட்டைப் பற்றி எழுதும்போது ஒரு பழங்கதையை எடுத்தாளுகிறார். முதுமையில் திருத்தூதர் யோவான் தம் சீடர்களோடு விளையாடிக் களித்ததைக் கண்டு சிலர் இடறல்பட்டனர். அவர்களுள் ஒருவனிடம் வில் இருந்தது. யோவான் அவனை அம்பெய்யச் சொன்னார். பலமுறை எய்தான். இப்படியே இடைவிடாது எய்ய முடியுமா என்று கேட்டார். எய்தால் வில் முறிந்துவிடும் என்றான் அவன். கதை நன்று. ஆனால், அன்று அந்தக் குன்றின்மேல் இந்த விளக்கம் எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. மறுபடியும் அம்பெய்வதற்காகவா வில்லைத் தளர்த்துகிறோம்? மறுநாள் நன்றாக உழைப்பதற்காக மட்டும் இன்று ஓய்வு என்றால், ஓய்வும் உழைப்பின் வேலையாள் ஆகிவிடுகிறது. புல்லில் உருண்ட மனிதரிடம் அத்தகைய கணக்கு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

இதைப் புனித பிலிப்பு நேரி நன்றாக அறிந்திருந்தார். 16-ஆம் நூற்றாண்டில், உரோமை நகரம் கார்னிவல் கூத்தில் மூழ்கியிருக்கும் நாளில், அவர் மக்களைத் திரட்டி ஏழு பேராலயங்களுக்கு நடத்திச் செல்வார். முழு நாள் நடை. நடுவழியில், செலியோ குன்றின்மேல் ஒரு தோட்டத்தில் எல்லாரும் புல்தரையில் அமர்வார்கள். ரொட்டி, முட்டை, பாலாடைக்கட்டி, ஆப்பிள், சிறிது திராட்சை இரசம். இசைக்கலைஞர்கள் வாசிப்பார்கள். இன்று நாம் நடத்தும் திருப்பயணங்களில் வாகனத்தை விட்டு இறங்கிய மாத்திரத்தில் அடுத்த கோயிலுக்கு மணி பார்க்கிறோம். செபமாலைக்கு நேரம் உண்டு, நிழலில் உட்கார நேரமில்லை.

ஓட்டுநர் முட்டையோட்டை உரித்தபடி, யாரும் கேளாமலேயே, விட்ட கதையைத் தொடர்ந்தார். 1944-இல் ஊரே வெறிச்சோடிக் கிடந்தது, போர்முனை அருகில் இருந்தது. 1945-ஆம் ஆண்டுப் பாஸ்கா திங்களன்று, வடக்கே போர் இன்னும் முடியாத நிலையில், அவருடைய தாய் கறுப்பு உடையோடு இந்தக் குன்றுக்குப் பிள்ளைகளை அழைத்து வந்தாராம். அண்டை வீட்டார் குறை சொன்னார்கள். கையில் ஆளுக்கொரு முட்டை. இறந்த மகளின் பெயருக்கும் ஒரு முட்டை கொண்டு வந்திருந்தார். அதைத் துண்டு செய்து எல்லாருக்கும் கொடுத்தார். "அழுதார்களா?" என்று கேட்டார் காங்கோ நண்பர். அவர் எப்போது திரும்பி வந்து எங்கள் பின்னே நின்றார் என்று எனக்குத் தெரியாது. "இல்லை. எங்களைப் பந்து விளையாடச் சொன்னார். வீட்டுக்கு வந்தபின் அழுதிருக்கலாம்" என்றார் ஓட்டுநர்.

பிற்பகலில் இறங்கி வந்தோம். ஃபிராஸ்காத்தியில் 'ஃபிராஸ்கெத்தா' என்றொரு வகைத் திராட்சை இரசக் கடை உண்டு. ஃபிராஸ்கா என்றால் இலையோடு கூடிய கிளை. புதிய இரசம் வந்துவிட்டது என்பதற்கு அடையாளமாக வாயிலில் கிளை கட்டித் தொங்கவிடும் வழக்கத்தால் வந்த பெயர். பழைய முறைப்படி கடைக்காரர் இரசம் மட்டுமே தருவார். உணவை நாமே கொண்டுபோக வேண்டும். நீளமான மரப்பலகை மேசை, அதன்மேல் காகிதம். முன்பின் அறியாதவர்கள் பக்கத்தில் வந்து அமர்ந்துவிடுவார்கள். அங்கேதான் எலுமிச்சைச் சோற்றைத் திறந்தேன். அந்த மேசையில் அது ஒரு பெரிய நிகழ்ச்சியாகிவிட்டது. எங்களுக்கருகே இருந்த குடும்பம் பன்றி வறுவலைத் தள்ளி வைத்தது. நான் சோற்றைத் தள்ளி வைத்தேன். கறிவேப்பிலையைத் தின்ன வேண்டுமா, ஒதுக்க வேண்டுமா என்று ஒரு சட்டச் சிக்கல் எழுந்தது. திருச்சபைச் சட்ட வல்லுநரான போலந்து நண்பர், அது நுகர்வோரின் மனச்சான்றுக்கு விடப்பட்டது என்று தீர்ப்பளித்தார்.

மாலை வண்டியில் உரோமைக்குத் திரும்பி, 8-ஆம் எண் டிராமில் தைபர் ஆற்றைக் கடந்து த்ரஸ்தேவெரே பகுதிக்குப் போனோம். ஓட்டுநரின் நிபந்தனை அதுவரைதான் செல்லுபடியானது. காங்கோ நண்பரே ஒரு கோயிலுக்குப் போகலாம் என்றார். புனித மரியாவின் அப்பழம்பெரும் பேராலயத்தில் சந்த் எஜீதியோ குழுமத்தார் அப்போது இரவு எட்டரைக்குச் செபிப்பது வழக்கம். 1968-இல் உரோமை மாணவர்கள் சிலர் தொடங்கிய பொதுநிலையினர் இயக்கம் அது. மொசாம்பிக் நாட்டின் அரசும் கிளர்ச்சிப் படையும் ஏறத்தாழ 16 ஆண்டுகளாக நடத்திவந்த போரை முடித்துவைத்த பேச்சுவார்த்தை, அக்கோயிலுக்கு அருகிலுள்ள அவர்களது பழைய துறவற மடத்தில்தான் இரண்டாண்டுகளுக்கும் மேலாக நடந்தது. 1992 அக்டோபர் 4 அன்று உரோமையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. படை வலிமையோ பண வலிமையோ இல்லாத சிலரால் ஓர் ஆப்பிரிக்கப் போர் நின்றது என்ற செய்தி, புக்காவுவிலிருந்து வந்தவருக்கு என்னவாக இருந்திருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அக்கோயிலின் பலிபீடத்துக்குமேல் 12-ஆம் நூற்றாண்டுக் கற்பதிப்பு ஓவியம் ஒன்று பொன்னொளி வீசுகிறது. கிறிஸ்துவும் அவருடைய அன்னையும் ஒரே அரியணையில் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். மகன் தாயின் தோளை அணைத்தபடி கை போட்டிருக்கிறார். நீண்ட நாள் கழித்து வீடு திரும்பிய பிள்ளை திண்ணையில் தாயோடு அமர்ந்திருப்பது போன்ற காட்சி. செபம் முழுவதும் காங்கோ நண்பர் அதைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

வெளியே சதுக்கத்தில் நீரூற்றைச் சுற்றி இளைஞர் கூட்டம். மூலையில் தொலைபேசிக் கூண்டு. நண்பர் அட்டையைச் செருகி எண்களை அழுத்தினார். மூன்று முறை பயனில்லை. ஓட்டுநர் எங்கள் மூவருக்கும் பனிக்கூழ் வாங்கி வந்து, நண்பருடையதையும் தம் கையிலேயே பிடித்தபடி நின்றார். அது உருகி அவர் விரல்களில் வழிந்தது. நான்காவது முறை நண்பரின் தோள்கள் திடீரென்று உயர்ந்தன. சுவாஹிலியில் பேசினார். கோடைக்காலத்தில் இரு ஊர்களின் கடிகாரங்களும் ஒரே நேரத்தைக் காட்டும். அங்கும் அப்போது ஒன்பதரை மணி. முதலில் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு வெகுநேரம் மௌனம். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கையை விரித்து உயரம் காட்டினார், பந்து பிடிப்பதுபோல் குனிந்தார். பேச்சின் நடுவே 'லிமாவ்' என்ற சொல் காதில் விழுந்தது. சுவாஹிலியில் எலுமிச்சைக்கு அதுவே பெயர் என்று பிறகு அறிந்தேன்.

"என் அக்காள் கேட்ட முதல் கேள்வி, இன்று என்ன சாப்பிட்டாய் என்பதுதான்" என்று எங்களிடம் வந்து சொன்னார். வேறென்ன செய்தி என்று போலந்து நண்பர் கேட்டார். "நலமாயிருக்கிறார்கள்" என்று சொல்லி, உருகிய பனிக்கூழை வாங்கிக்கொண்டார். அவர்கள் தெருவில் இரண்டு வீடுகள் சூறையாடப்பட்டதையும், அவற்றில் ஒன்றில் அவருடைய பள்ளித் தோழர் சுடப்பட்டதையும் மறுநாள் காலை உணவின்போதுதான் சொன்னார். நேற்றே ஏன் சொல்லவில்லை என்று நாங்கள் கேட்கவில்லை.

பேராயர் கத்தாலிக்கோ அவ்வாண்டு செப்டம்பரில் தம் மக்களிடம் திரும்ப முடிந்தது. சில வாரங்களுக்குள், அக்டோபர் 4 அன்று, உரோமைக்கு வந்திருந்தபோது இறந்துபோனார். நண்பர் படிப்பை முடித்து ஊர் திரும்பினார். ஓட்டுநர் இப்போது இல்லை. போலந்து நண்பர் தம் மறைமாவட்டத்தில் திருமண வழக்குகளை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

2025 பிப்ரவரி 16 அன்று புக்காவு மீண்டும் கிளர்ச்சிப் படையின் கையில் வீழ்ந்தது. அன்றிலிருந்து என் கைப்பேசியில் அனுப்பிய செய்திகளுக்குப் பல நாள்கள் பதில் இல்லை. பிறகு ஒருநாள் "உயிரோடிருக்கிறோம்" என்று ஒரு வரி வந்தது. ஏப்ரல் 21, பாஸ்கா திங்கள். அன்று காலைதான் திருத்தந்தை பிரான்சிஸ் இறைவனடி சேர்ந்தார். இரவு நண்பரிடமிருந்து செய்தி வந்தது. பங்குச் சிறுவர்கள் நாற்பது பேரை ஏரியை நோக்கிச் சரியும் அருட்சகோதரிகளின் தோட்டத்துக்கு உணவு கட்டிக்கொண்டு அழைத்துப் போயிருந்தாராம். அங்கே வானொலியில் செய்தி கேட்டு, எல்லாரும் எழுந்து நின்று செபித்தார்களாம். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முட்டை கிடைக்கவில்லை, வேகவைத்த மரவள்ளிக்கிழங்குதான் என்று எழுதியிருந்தார்.